பொதுக் கோப்பு

மணவாழ்க்கையில் பிரிந்த பிறகும் சகாயராஜும் பிரிசில்லாவும் ஒரே அலுவலகத்தில்தான் இருந்தார்கள். கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலில், ஆளுக்கொரு நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் நிரலை எழுதியவர்கள். இரண்டிலும் பாதி நிரல் ஒன்றேதான் என்பதால், அதைப் பொதுக் கோப்பாக்கச் சொன்னார் மேலாளர். ஒப்பிட்டபோது அவளுடையதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அது இல்லாமல்தான் அவனுடைய டிரைவரில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. வாடிக்கையாளர்களிடம் அவன் வாங்காத ஏச்சில்லை.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அப்ப நாம பேசிக்கிட்டா இருந்தோம்?"

அவன் அந்த வரியைப் பொதுக் கோப்பில் சேர்த்தான். திருத்தியவர் பெயரை எழுதவேண்டிய இடத்தில் 'பிரிசில்லா' என்று அடித்துவிட்டு நிறுத்தினான்.

"முழுப்பேர் வேணும். பின்னாடி என் பேரு இன்னும் இருக்கா?"

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.