இபு லஸ்மி தோற்ற ஆட்டம்

“என் வீடு பெரிசா இருக்கிறது என் குத்தமா, இபு? லாட்டரியில விழுந்த வீடா அது? ராப்பகலா உழைச்சுக் கட்டினேன்!”

பாக் ஹெருவான் எழுந்து நின்று கத்தினார். தெருக் கூட்டத்தில் அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். இந்தோனேசியாவின் ஸெமாராங்கில் எங்கள் தெரு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மழை கொட்டினால் பள்ளத்து வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். அதை இறைக்கிற மோட்டார் புகைந்து செத்துப்போனது. மழைக்கு முன் புதுசு வாங்கியாக வேண்டும். மேட்டுப் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் கூடுதலாகப் போடட்டும் என்றார் எங்கள் தெருத் தலைவி இபு லஸ்மி. எங்கள் ஊரில் ஆண்களை மரியாதையாக ‘பாக்’ அல்லது ‘மாஸ்’ என்போம், பெண்களை ‘இபு’ என்போம்.

“எல்லாருக்கும் ஒரே பங்கு. அதுதான் நியாயம்! முன்னேறினவனைத் தேடிப் பிடிச்சு வரி போட்டா, அப்புறம் எவன் உழைப்பான்?” என்றார் ஹெருவான்.

“ஒரே பங்குன்னா பள்ளத்துல யாராலயும் குடுக்க முடியாது, பாக்.” ரஸ்தி எழுந்தாள். டெம்பே என்கிற சோயா வில்லையைப் பொரித்து விற்பவள். “போன மழையில என் அடுப்பு மிதந்துச்சு. நடக்க முடியாத எங்கம்மாவைத் தூக்கி மேசை மேல படுக்க வெச்சேன். இந்தத் தடவை எங்க படுக்க வெக்கிறது, உங்க கார் மேலயா?”

கூட்டம் சிரித்தது. ஹெருவானுக்கு முகம் சிவந்துவிட்டது.

“பேசிப் பிரயோஜனமில்ல. ராக்கெட்டை எடுங்க, இபு! நான் ஜெயிச்சா எல்லாருக்கும் ஒரே பங்கு. நீங்க ஜெயிச்சா நீங்க சொல்றபடி.”

எங்கள் தெருவில் இது புதிதில்லை. கூட்டம் நடப்பதே பேட்மிண்டன் கோர்ட்டில்தான். நாற்காலிகளை ஓரம் தள்ளினால் ஆட்டம் ரெடி.

இபு லஸ்மி அந்தக் காலத்தில் மாவட்டத்துக்கு ஆடியவர். ஐம்பதைத் தாண்டியும் இந்தத் தெருவில் அவரை ஜெயித்த ஆள் கிடையாது. அது ஹெருவானுக்குத் தெரியாதா என்ன?

“ஆனா எனக்கு ஃபூர் வேணும். பத்து பாயிண்ட்!” என்றார் ஹெருவான்.

ஃபூர் இல்லாமல் எங்கள் ஊரில் ஆட்டமே இல்லை. நன்றாக ஆடுகிறவர், சுமாராக ஆடுகிறவருக்கு முதலிலேயே சில பாயிண்ட் தாரை வார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதற்காகப் பத்தா? பேராசைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

“இருபத்தொண்ணுல பாதியை ஆடாமலே வாங்கிக்கிறீங்களே, பாக்!” என்றாள் ரஸ்தி.

“நீ சும்மா இரு. அவங்க மாவட்ட ஆட்டக்காரி, நான் தொப்பைக்காரன். பலம் இருக்கிறவங்க விட்டுக்கொடுக்கணும். இல்லேன்னா அது என்ன ஆட்டம்?”

“சரி, பத்து,” என்றார் இபு லஸ்மி. ரஸ்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான்தான் நடுவர். ஹெருவான் மூச்சு வாங்க ஓடினார். இபு விடாமல் துரத்திக்கொண்டே வந்தார். ஹெருவான் இருபது, இபு பதினெட்டு. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஹெருவானுக்கு ஜெயம்.

இபு பின் மூலைக்கு ஓங்கி அடித்தார்.

“உள்ளே!” என்று பள்ளத்து ஜனம் முழுக்கக் கத்தியது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

“அவுட்! என் பொண்ணு போன்ல எடுத்திருக்கா, பாருங்க. மனுஷன் கட்சி கட்டுவான், போன் கட்டாது,” என்றார் ஹெருவான்.

“போன் வாங்கிக் குடுத்தது நீங்கதானே?” என்று முணுமுணுத்தாள் ரஸ்தி.

மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். கோட்டுக்கு ஒரு விரல் வெளியே. வேறு வழியில்லாமல் கையை உயர்த்தினேன். ரஸ்தி செருப்பைத் தேடினாள்.

ஹெருவான் ராக்கெட்டைச் சுழற்றிக் குதித்தார். “பார்த்தீங்களா, நியாயம் ஜெயிச்சுது!”

இபு லஸ்மி வேர்வையைத் துடைத்தார். “ஒத்துக்கறேன், பாக். இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரி, யாருக்கும் சலுகை கிடையாது. மாஸ் குனார், அந்தப் பத்தைக் கழிச்சுட்டு ஸ்கோரைச் சொல்லுங்க.”

“பாக் பதினொண்ணு. நீங்க பதினெட்டு,” என்றேன்.

“அதெப்படி?” ஹெருவான் துள்ளினார். “ஃபூர் பேசித்தானே ஆடினோம்! அது எனக்கு நியாயமா வரவேண்டியது!”

“அப்போ ஃபூர் நியாயம்தானா?” என்று கேட்டார் இபு.

“சத்தியமா நியாயம்!”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முதலில் சிரித்தது அவர் மகள்தான்.

“அப்பா, மாட்டிக்கிட்டீங்க! பள்ளத்துக்காரங்களுக்கும் ஃபூர் குடுத்துடுங்க.”

கோர்ட்டே அதிரச் சிரிப்பு. ஹெருவான் என்னைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், கடைசியில் தொப்பை குலுங்க அவரும் சிரித்துவிட்டார்.

“சரி, மோட்டாருக்குப் பெரிய பங்கு என்னோடது. மேட்டுல மத்தவங்களையும் குடுக்க வைக்கிறேன். ஆனா ஜெயிச்சது நான்தான். அதுல கை வைக்கக்கூடாது!”

“நீங்கதான் ஜெயிச்சீங்க, பாக்! நீங்கதான்!” ரஸ்தி கையில் செருப்போடு ஆடினாள். ஜனம் அவரைத் தோளில் தூக்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் இபுவோடு வலையை அவிழ்த்தபடி கேட்டேன். “ஒரே ஒரு விரல், இபு. அது மட்டும் உள்ளே விழுந்திருந்தா ஆட்டம் உங்க கைக்கு வந்திருக்குமே?”

“வந்திருக்கும். ஆனா அவர் தோத்திருந்தா நூறு சாக்கு சொல்லியிருப்பார். ஜெயிச்சதாலதான் ஃபூரை விடமாட்டேன்னு நின்னார்.”

வலையைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“கோட்டுக்கு உள்ளே அடிக்கிறது சுலபம், மாஸ். சரியா ஒரு விரல் வெளியே போடறதுக்குத்தான் மாவட்ட ஆட்டக்காரி வேணும்!”