கை பட்டால்

அச்சகத்து மாடியில் இருக்கும் எங்கள் செஸ் கிளப்பில் பம்ப் மெக்கானிக்கை ஜெயித்தவர் யாரும் இல்லை. விட்டுக்கொடுக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. கோணலாக நிற்கும் காயை நேராக்க வேண்டுமானால் "சரிசெய்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டால் அந்தக் காயை நகர்த்தியே தீர வேண்டும். ஒருநாள் அசதியில் தையல்காரர் ராணியைத் தொட்டுவிட்டு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

"கை பட்டா பட்டதுதாண்ணே," என்றார் மெக்கானிக். ராணி போயிற்று.

அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த ஒருவர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாராவாரம் வந்தார். கச்சிதமாக உடுத்துவார், வாயே திறக்க மாட்டார், ஆட்டம் சுமார்தான். தையல்காரரிடம் தோற்ற அன்று, தையல்காரரின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். மறுநாள் காலை தையல்காரர் மெஷின்மேல் தலை சாய்ந்து கிடந்தார். அடுத்து தபால்காரரிடம் தோற்று, அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். தபால்காரரின் அடக்கத்துக்கும் எல்லோரும் போனோம்.

நேற்று அந்தப் புதியவர் மெக்கானிக்கிடம் தோற்றார். ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்து, மெக்கானிக்கின் மடங்கிக் கிடந்த காலரை நிமிர்த்திவிட்டார்.

மெக்கானிக் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "சரிசெய்கிறேன்னு சொல்லுங்க சார். இப்பவாவது சொல்லிடுங்க."

அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டார். அவருடைய குரலை நாங்கள் அப்போதுதான் கேட்டோம்.

"கை பட்டா பட்டதுதான்."

அவர் போன பிறகு, மெக்கானிக் காலரைப் பழையபடி மடக்கி மடக்கிப் பார்த்தார். அது நிமிர்ந்தே நின்றது.