இரண்டு விசில்

ஒரு விசில். அவள் பிரேக்கை மிதித்தாள்.

இடப்பக்க இருக்கையில் அவள் கணவர். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, பனைகளுக்குப் பின்னால் தெரிந்த கடலைக் காட்டினார். பிறகு விசிலைத் துடைத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

இதுதான் இடம்.

மத்தியானம் திருச்செந்தூரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போ. காரை ஓட்டுவது அவள். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

இந்தச் சாலைதான் அவருடைய ரூட். குலசை, மணப்பாடு, பெரியதாழை, உவரி. ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. போயின. ஒவ்வொரு பெயர்ப்பலகைக்கும் அவள் வேகத்தைக் குறைத்தாள். கம்மிப்போன குரலிலாவது ஒரு தடவை ஊர்ப் பெயரைக் கூவுவார் என்று பார்த்தாள்.

அவர் கூவவில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் இந்தப் பயணத்தைக் கேட்டாள். வீட்டில் அவர் உரக்கப் பேசியதில்லை. பஸ்ஸில்தான் குரல் என்பார்கள். அவள் அந்தப் பஸ்ஸில் ஒருநாளும் ஏறியதில்லை.

அவர் வேறு எதற்கோ வந்திருந்தார். பேசாமல் இருந்து பழக.

கடைசி டிரிப் முடிந்து பஸ் இந்த ஊரில்தான் ராத்தங்கும். டிரைவரும் அவரும் மணலில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஒருநாள் உன்னையும் கூட்டிப் போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னது. மகன் பாய்க்குப் பதில் ஒரு கூடாரம் வாங்கி அனுப்பியிருந்தான்.

முளைகள் மணலில் நிற்கவில்லை. அடிக்க அடிக்க நெகிழ்ந்து வந்தன. அவர் துணிப்பைகளில் மணலை அள்ளிக் கட்டி, கயிறு பிணைத்துப் புதைத்தார். அடுத்த கயிற்றுக்குக் கை நீட்டினார்.

அவளுக்குப் புரிந்தது. புரியாதது போல நின்றாள். வாயைத் திறந்து கேட்கட்டும்.

அவர் விசிலை ஊதிக் கயிற்றைச் சுட்டினார்.

அந்தச் சத்தத்துக்கு, கருவாட்டுக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண் ஒருத்தி திரும்பினாள். கிட்டே வந்து அவர் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

“ஏ, கண்டக்டரண்ணன்லா! என்னத் தெரியலையா? சலேத்து. கூடைக்கு ஒரு டிக்கெட்டு, ஒன் வாய்க்கு ரெண்டு டிக்கெட்டும்பியளே!”

அவர் சிரித்தார்.

சலேத்து அவளிடம் திரும்பினாள். “யக்கா, இந்த மனுசன் மாதா கோயில் முக்குல ஒரு சத்தம் குடுப்பாரு பாருங்க. எம்மா! கடல்ல கெடக்கறவனுக்கும் கேக்கும். அதக் கேட்டுத்தான் நாங்க ஒல வைப்போம். அண்ணே, ஒருக்கா கூவுங்களேன். எங்க வீட்டு ஆளு பஸ்ஸு வந்துட்டுன்னு ஓடி வரட்டும்.”

அவள் அவர் வாயையே பார்த்தாள்.

அவர் இரண்டு முறை விசில் ஊதினார்.

“பாத்தியளாக்கா, நாம ஏறுமுன்ன ரைட் குடுத்துட்டாரு!”

சிரித்துக்கொண்டே போனாள் சலேத்து. அவளுடைய சிரிப்பு வெகுதூரம் கேட்டது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

கூடாரத்தோடு ஒரு காற்றுத் தலையணையும் வந்திருந்தது. அவளுக்குக் கழுத்துவலி. அவர் அதை எடுத்து ஊதத் தொடங்கினார். கன்னம் உப்ப, கண் சிவக்க. நடுவில் இருமல் வந்தது. துளையை விரலால் அடைத்துக்கொண்டு இருமி முடித்தார். மறுபடி ஊதினார்.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, டாக்டர் காகிதத்தில் போட்டுக் காட்டிய படம் நினைவுக்கு வந்தது. கழுத்தில் ஒரு துளை. இனிமேல் மூச்சு அந்த வழியாகத்தான் என்றார். அன்றைக்கு அவள் குரலைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாய்க்கு மூச்சு வராது.

அவர் நெஞ்சின் மேல் விசில் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கோ கிடந்த அதைத் தேடி எடுத்ததே அவள்தான். புளி போட்டுத் தேய்த்து, புதுக் கயிறு கோத்து அவர் கழுத்தில் மாட்டினாள். ஆபரேஷனுக்கு அப்புறம் என்னைக் கூப்பிட இது இருக்கிறதே என்றாள். அவரும் தலையாட்டினார்.

அவர் மூடியைத் திருகித் தலையணையை நீட்டினார்.

அவள் வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறை புரளும்போதும் காதுக்கடியில் அது மெல்ல முனகியது. பிறகு அவள் புரளவே இல்லை.

காலையில் மணல் பைகளைத் தோண்டிக் கவிழ்த்தார்கள். கூடாரத்தைச் சுருட்டினார்கள். அவர் தலையணையின் மூடியில் கை வைத்தார்.

அவள் பிடுங்கிக்கொண்டாள்.

“காத்த எறக்கிரு. எடத்த அடைக்கும்.”

கிழிந்த குரல். அத்தனை ஊர்களுக்கும் வராதது, இதற்கு வந்தது.

“அடைக்கட்டும்.”

பின் இருக்கையில் அதை நிமிர்த்தி வைத்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

அவர் தலையணையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டு கடல் பக்கம் திரும்பினார்.

பிறகு வந்து ஏறிக்கொண்டார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். இரண்டு விசிலுக்காகக் காத்திருந்தாள்.

விசில் உதடு வரை போனது. அங்கேயே நின்றது.

அவர் அதைச் சட்டைக்குள் விட்டார். ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, கதவின் தகரத்தில் தட்டினார்.

ஒன்று.

இரண்டு.