ஐயருக்கு ஒரு கவர்

"பிரசங்கத்துக்குமா தம்பி டிப்ஸ்?"

கவரைத் தொடாமலேயே கேட்டார் ஐயர். சித்தூரில் அந்தச் சபையார் போதகரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோயிலின் பின்னறையில் அவர் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே மணப்பெண்ணின் கார் வந்து நின்றாயிற்று.

ஆசிருக்கு வேர்த்தது. தங்கை சுஜிதாவின் கல்யாணத்தில் வேலைக்காரர்களைக் 'கவனிக்கும்' பொறுப்பை அப்பா ஞானசிங் அவனிடம் விட்டிருந்தார். பேண்டுக்காரர்கள், போட்டோக்காரர், பூ அலங்காரம் செய்தவர்கள் எல்லோரும் தலையைச் சொறிந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இந்தக் கனமான கவர் மட்டும்தான்.

"நைனாதான் குடுக்கச் சொன்னாரு ஐயரே. முன்னாடியே குடுத்தாத்தான் மனசு வெச்சுச் செய்வீங்களாம்."

"அப்படியா? வேற என்ன சொன்னாரு?"

ஆசிர் தயங்கினான். சொல்லாமலும் இருக்க முடியாது. பலமனேர் சம்பந்தி பிலிப் முன்கோபி. பிடிக்காமல் அவர் பாதியில் எழுந்து போனால், சுஜிதா ஆயுசுக்கும் அந்த வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

"'பெரியவ கல்யாணத்துல எறக்குன அதே பழைய சரக்கை எறக்க வேணாம். கொஞ்சமாச்சும் உப்பு ஒறைப்பு இருக்கணும். கடைசி வரிசை வரைக்கும் சூடா போய்ச் சேரணும். இழுத்துக்கினே இருக்காம சுருக்கா முடிக்கணும்'னாரு."

ஐயரின் காது மடல் சிவந்தது. சபை அவருடைய பிரசங்கத்தில் எத்தனையோ வருஷமாகத் தூங்கியிருக்கிறது. வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. கவரை விரலால் அழுத்திப் பார்த்தார். வேதாகமத்துக்குள்ளிருந்த பிரசங்கக் காகிதங்களை உருவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கவரைச் செருகினார்.

அன்று அவர் ஆரம்பித்ததும் தெரியவில்லை, முடித்ததும் தெரியவில்லை. பின்வரிசைப் பெரியவர்கள்கூட விழித்திருந்து சிரித்தார்கள். பிலிப் கைதட்டப் போய், இடம் ஞாபகம் வந்து, கையைக் கட்டிக்கொண்டார். ஆசிர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். கவரின் மகிமையே மகிமை!

ஆராதனை சீக்கிரம் முடிந்ததால் கூட்டம் அப்படியே சாப்பாட்டுக் கூடத்துக்குள் புகுந்தது. முதல் இலையில் பிலிப் உட்கார்ந்தார். இலையில் ஊறுகாய் மட்டும் இருந்தது. சாதம் இன்னும் வேகவில்லை. கறி தொடாத அவருக்காகவே பிரியாணிக்குப் பதிலாக வைத்த சாம்பார், சப்பென்று ஆறிப்போய் வந்து சேர்ந்தது.

"ஏம்பா, துன்னக் கூப்ட்டீங்களா, ஊறுகாய நக்கிக்கினு குந்தச் சொல்லிக் கூப்ட்டீங்களா?"

பிலிப் எழுந்தார். பலமனேர் வேனில் வந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற சுஜிதாவின் முகம் சுண்டிப்போயிற்று.

ஞானசிங் ஓடிவந்து மகனின் சட்டையைப் பிடித்தார். "ஐயருக்குக் கவர் குடுத்தியா இல்லியாடா?"

"குடுத்தேனே நைனா! நீ சொன்னதை ஒரு வார்த்தை வுடாம சொன்னேன். பிரசங்கம் எப்படி இருந்துச்சு, பாத்துக்கினுதானே இருந்தே?"

ஞானசிங் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி, நான் சொன்னது திருப்பதி சமையல் ஐயரைடா!"