வேட்பாளர் பெண் கேட்ட நாள்

1928ஆம் ஆண்டு, ஜனவரி 21, சனிக்கிழமை. இரவெல்லாம் பெய்த பனி விடியலில் நின்றிருந்தது. வடக்குக் காற்று மட்டும் ஓயவில்லை.

போலந்து ஆட்சியின் கீழிருந்த உக்ரேனியக் கிராமம் ஒன்றில், புரோகிப்பின் வீட்டில் அவருடைய மகள் மலான்காவைப் பெண் கேட்கும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. பூத்தையல் சட்டை அணிந்த செவெரின், மாப்பிள்ளைக்குரிய அடக்கத்துடன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். தூது வந்த பெரியவர்கள் மூவரும் வழக்கப்படி மேசைமீது ரொட்டியை வைத்திருந்தனர்.

உண்மையில் அது மாப்பிள்ளை வேடம். வழக்கறிஞர் செவெரின் உக்ரேனியக் கட்சியின் நாடாளுமன்ற வேட்பாளர். பெரியவர்கள் மூவரும் கட்சிக்காரர்கள். கூட்டம் கூட மாவட்டத்தில் தடை இருந்தமையால் இந்த ஏற்பாடு. கடைசிக் கையொப்பமும் விழுந்து, வேட்புமனுத் தாள் செவெரினுடைய கோட்டின் உள்துணிக்குள் போயிருந்தது. மாலை ஆறு மணிக்குள் அது நகரத்துத் தேர்தல் அலுவலகத்தைச் சேராவிட்டால், பத்தாண்டு உழைப்பு பாழ்.

அவர் எழ முனைந்த வேளையில்தான் கதவு திறந்தது. போலந்துக் காவலர் பவ்லாக், பூட்ஸின் பனியைத் துடைத்துவிட்டு, கையில் ஒரு புட்டியுடன் உள்ளே நுழைந்தார்.

"பெண் கேட்கிறாங்களாமே. நானும் ஓரமா உட்கார்ந்துக்கலாமா?"

எவராலும் மறுக்க இயலவில்லை. பவ்லாக் கதவை ஒட்டிய பலகையில் அமர்ந்துவிட்டார். அவரைத் தாண்டாமல் வெளியேற வழியே இல்லை.

"யாரோ போட்டுக் கொடுத்துட்டான்யா," என்று பெரியவர்களில் ஒருவரான கட்சிச் செயலர் இலாரியன் முணுமுணுத்தார்.

செவெரின் ஒவ்வொரு முகமாக ஆராய்ந்தார். எல்லா முகங்களும் வெளிறியிருந்தன.

"மாப்பிள்ளைக்கு வயசு என்ன?" என்று வினவினார் பவ்லாக்.

"முப்பத்தொன்பது."

"இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

"தேசத்தைப் பார்த்துட்டு…" என்று புரோகிப் வாயெடுக்க, இலாரியன் பலமாக இருமினார். "தேனீ, தேனீ. தேனீ வளர்க்கிறாருங்க."

ஒரே ஒரு வழிதான் எஞ்சியிருந்தது. முன்பே பேசிவைத்தபடி, மலான்கா மறுப்புக்கு அடையாளமான பூசணிக்காயைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் கொடுப்பாள். பூசணிக்காய் வாங்கியவனை ஒரு கோப்பை மதுவுக்குக்கூட எவரும் நிறுத்துவதில்லை, உடனே வெளியேறிவிடலாம்.

நேற்று செவெரின் இதைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் கேட்டிருந்தாள்: "பொய்யாப் பெண் கேட்க நாள் கிடைச்சிருச்சு. நிஜமா எப்போ கேட்பீங்க?"

"தேர்தல் முடியட்டும் மலான்கா."

"ஜெயில்ல இருந்தப்போ, வெளியில வரட்டும்னீங்க. பத்திரிகை ஆரம்பிச்சப்போ, அது காலூன்றட்டும்னீங்க. அடுத்து என்ன, மந்திரி ஆகட்டுமா?"

அவர் சிரித்து மழுப்பியிருந்தார்.

உள்ளறைத் திரை விலகியது. மலான்காவின் கைகளில் பூசணிக்காய் இல்லை. சம்மதத்துக்கு அடையாளமான வெண்துவாலைகள் இருந்தன. அவள் நிதானமாக இலாரியனின் தோளில் ஒன்றைக் குறுக்காகக் கட்டினாள். மற்ற இருவருக்கும் அவ்வாறே கட்டிவிட்டு, செவெரினுடைய மணிக்கட்டில் ஒரு கைக்குட்டையை இறுக முடிந்தாள்.

மறுத்தால் காவலருக்கு ஐயம் எழும். அவர் கோட்டைத் தடவிச் சோதித்தால் சிறை. சம்மதித்தால் விருந்து விடியும்வரை நீளும். தாள் கோட்டிலேயே கிடக்கும்.

"என்ன மாப்பிள்ளை, பேச்சையே காணோம்?" என்றார் பவ்லாக்.

"சம்மதம்," என்றார் செவெரின். அது தம்முடைய குரல்தானா என்று அவருக்கே விளங்கவில்லை.

பவ்லாக் புட்டியைத் திறந்தார். மலான்கா கோப்பைகளைப் பரப்பியவாறே சொன்னாள்: "இவங்க அம்மா டவுன்ல தனியா இருக்காங்க. இருட்டுறதுக்குள்ள நேர்ல போய்ச் சொல்லலைன்னா மனசு விட்டுப்போயிடும்."

"அதுக்கென்ன? வாசல்ல என் பனிவண்டி நிக்குது. ஒரு மணி நேரத்துல கொண்டுபோய் இறக்கிடறேன். மத்தவங்க சாப்பிடட்டும்."

தடை செய்யப்பட்ட கூட்டத்தின் தாள், காவல்துறையின் வண்டியில் ஏறிற்று. பவ்லாக் முன்னால் நின்று குதிரையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். மலான்கா ஆட்டுத்தோல் போர்வையைச் செவெரினுடைய முழங்கால்களின்மீது செருகினாள்.

அவர் குனிந்து கிசுகிசுத்தார்: "தாள் போய்ச் சேர்ந்துடும். ஆனா நமக்குள்ள ஒரு துரோகி இருக்கான். இந்த ஆளுக்குத் தகவல் கொடுத்தவன் யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

மாதா கோயில் கடிகாரத்தில் மணி நான்கு பத்து.

"நான்தான்," என்றாள் மலான்கா. "காலையில அவர் வீட்டுக்குப் பால் ஊத்தப் போனப்போ, நம்ம நிச்சயத்துக்குச் சாட்சியா வரச் சொன்னேன்."