குடத்துக்குள் இரண்டு மோதிரங்கள்

தாலி கட்டி முடிந்ததும், மஞ்சள் தண்ணீர் நிரம்பிய குடத்துக்குள் இரண்டு மோதிரங்களைப் போட்டார்கள். ஒன்று நிச்சயத்துக்குப் போட்ட கல் மோதிரம். மற்றது கல்யாணத்துக்கு எடுத்த நெளி மோதிரம். பெண் கோமுவும் மாப்பிள்ளை சங்கரபாண்டியும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் துழாவ வேண்டும். முதலில் எடுப்பவர் கைதான் வீட்டில் ஓங்கும் என்பது பேச்சு.

"கடையில என்னைப் பார்த்துப் பார்த்து எடுக்கவே அரைநாள் ஆச்சு. இங்கேயும் என்னைத்தான் முதல்ல எடுப்பாங்க," என்றது கல் மோதிரம்.

"இந்தத் தண்ணியில நீ மின்னுறது யாருக்குத் தெரியும்? விரலுக்கு ஏது கண்ணு?" என்றது நெளி. "என் வளைவு தட்டுப்பட்டா கோமு லபக்குனு பிடிச்சுக்குவா."

"என் கல்லு குத்தினா அதைவிடச் சீக்கிரம் தெரியும்."

இரண்டு கைகள் உள்ளே வந்தன. கோமுவின் விரல் கல்லில் பட்டது, பட்டும் படாமலும் நகர்ந்துவிட்டது. சங்கரபாண்டி தண்ணீருக்குள்ளேயே நெளியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை அவன் பக்கமே தள்ளிவிட்டாள்.

"கோமு, விட்றாத," என்று வெளியே அத்தை கத்தினாள்.

"இன்னும் கிடைக்கல அத்தை," என்றாள் கோமு.

நெளியும் நழுவி விழ, மோதிரங்கள் இரண்டும் அடியில் கிடந்தன. மேலே இரண்டு கை விரல்களும் பின்னிக் கிடந்தன.

"என்ன இது, நம்மள யாருமே தேடக் காணோம்?" என்றது கல் மோதிரம்.

"சும்மா கிட," என்றது நெளி. "அவங்க தேடினது கிடைச்சாச்சு."