மூன்றாம் பிளாக் பொம்மை

நாலாவது நாளும் அதே பொம்மைதான் விழுந்து கிடந்தது.

அரசுக் குடியிருப்பைப் புதுப்பிக்கும் திட்டத்துக்காகச் சமூகக் கூடத்தில் அட்டையால் செய்த மாதிரி வடிவம் ஒன்றை வைத்திருந்தார்கள். ஆறு பிளாக், நடுவில் பூங்கா, நகத்தளவில் முப்பது பொம்மை மனிதர்கள். அவர்களில் சிவப்புச் சட்டைக்காரி மட்டும் தினமும் காலையில் மூன்றாம் பிளாக் அடியில் குப்புறக் கிடந்தாள். நேற்று பூங்கா பெஞ்சில் பசை போட்டே ஒட்டிவிட்டுப் போனார் திட்ட அதிகாரி. அப்படியும் அங்கேதான் கிடந்தாள்.

அதிகாரிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பொம்மையை இரண்டு விரல் நுனியால்தான் எடுத்தார்.

நாளை மறுநாள் மானியக் குழு வருகிறது. ‘குடியிருப்போர் அனைவரின் கருத்தும் கேட்கப்பட்டது’ என்று அறிக்கை வேறு எழுதியாகிவிட்டது. இதைப் பார்த்தால் மானியம் அம்பேல்!

எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசி ‘வில்லங்கம்’ என்றே பேர் வாங்கிய முதல் மாடிக்காரரைக் கூப்பிட்டார்.

“இது உங்க வேலைதானே?”

“பிடிக்கலைன்னா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறேன். எனக்கு எதுக்கு சார் பொம்மை விளையாட்டு?” என்றார் வில்லங்கம். பிறகு குரலை இறக்கினார். “அது கிடக்கிற இடம் இருக்கே… நிஜத்துலயும் அங்க பிள்ளைங்க யாரும் விளையாடாது. பெரியவங்களே சுத்திக்கிட்டுத்தான் போவாங்க.”

ஏன் என்று கேட்க அதிகாரிக்கு நேரமில்லை. பொம்மையை மறுபடி பெஞ்சில் ஒட்டினார்.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார். கூடம் திறந்திருந்தது.

தரையைத் துடைத்து முடித்திருந்த கூடத்துப் பணியாளர் அம்மா, பெஞ்சிலிருந்து பொம்மையைப் பிய்த்து, மூன்றாம் பிளாக் மொட்டை மாடி ஓரத்தில் நிறுத்தினார். கையை எடுத்தார். ஈரம் காய ஃபேனைப் போட்டார்.

பொம்மை லேசாக ஆடியது. தலைகுப்புற விழுந்தது. அதே இடம்.

அதிகாரி உள்ளே பாய்ந்தார். “ஏம்மா, நீங்கதான் தள்ளிவிடுறீங்களா?”

“நான் தள்ளல சார். நிக்கத்தான் வைக்கிறேன். அதுவா விழுது.”

“அங்க ஏன் வைக்கிறீங்க?”

“நாங்க மூணாம் பிளாக்தான் சார். எம் பொண்ணு அங்கதான் நின்னா. துணி காயப்போட. நாலு வருஷமாச்சு.”

அதிகாரி குனிந்து பார்த்தார். மாடியின் கைப்பிடிச் சுவர் பொம்மையின் முழங்காலுக்குத்தான் இருந்தது. உள்ளது உள்ளபடி அளவெடுத்துச் செய்த மாதிரி வடிவம் என்று அவர்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தார். திட்டத்தில் பெயின்ட் இருந்தது, பூங்கா இருந்தது, பெஞ்ச்கூட இருந்தது. சுவரை உயர்த்துவது இல்லை.

நிமிர்ந்தார். “மூணு கூட்டம் போட்டேனேம்மா! அதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“மூணுலயும் கையத் தூக்கினேன் சார். மூணு தடவையும் நீங்க, ‘டீ அப்புறம் கொண்டாங்கம்மா’ன்னுட்டீங்க.”